திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்: புகைப்படம் அச்சிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் புகைப்படம் அச்சிடத் தொடங்குவோர் பலர் ஒரு கையில் அச்சுப் பிரதியும் மறு கையில் மடிக்கணினியுமாக வந்து கேட்பது ஒரே கேள்விதான்: திரையில் இருந்த நிறம் தாளில் ஏன் வரவில்லை? இந்த வேலையில் நீண்ட நாள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது. மை தீர்ந்துபோனது, நாசில் அடைத்துக்கொண்டது, தாளைத் தலைகீழாகச் செருகியது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் பிரதியிலேயே கண்ணில் பட்டுவிடும். சரியான வேலையைச் செய்வதுபோலவே தோன்றி, படத்தைக் கெடுத்துவிட்டுப் போகும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துவது

"பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலான நேரம் பிரிண்டர் நிரபராதி. மடிக்கணினித் திரைகளை முழு வெளிச்சத்தில் வைத்தால் அவற்றின் வெண்மை சதுர மீட்டருக்கு 300 காண்டெலாவையோ (பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அலகு) அதற்கு மேலோ தொடுவது சாதாரணம். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையில் விழும் ஒளியைத்தான் அது திருப்பித் தருகிறது. நல்ல வெள்ளைத் தாள் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பித் தரும் என்று கொண்டால், 500 லக்ஸ் (பரப்பின் மீது விழும் ஒளியின் அலகு) வெளிச்சத்தில் அதன் வெண்மை சுமார் 143 காண்டெலா. இரவில் ஒரே விளக்கு எரியும் அறையில் 150 லக்ஸ்தான் இருக்கிறது என்றால் 43 காண்டெலா. அதாவது அந்த அறையில் திரை தாளைவிட ஏழு மடங்கு பிரகாசமாக இருக்கிறது. கண் திரைக்குப் பழகிவிடுவதால், திருத்துபவர் தம்மை அறியாமலே படத்தை இருட்டாக்கிக்கொண்டே போகிறார். திரையின் ஒளி அந்த இருட்டை மறைத்துவிடுகிறது, தாள் மறைப்பதில்லை.

அச்சுக்காகத் திருத்துவோர் திரையை 80 முதல் 120 காண்டெலாவுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அளக்கும் கருவி இல்லாதவர்கள், பிரதியை எந்த விளக்கின் கீழ் பார்க்கப்போகிறார்களோ அதன் கீழ் ஒரு வெற்றுத் தாளை வைத்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒத்த வெண்மையாகத் தெரியும் வரை திரையின் ஒளியைக் குறைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் திரை மங்கலாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழகிவிடும்.

இரவில் தானாக மஞ்சளாகும் திரை

திரையை இரவில் மஞ்சளாக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டுத் திருத்த உட்காருங்கள். அறை ஒளிக்கேற்பத் தானே நிறம் மாற்றிக்கொள்ளும் வசதிக்கும் இதே பதில்தான்.

ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் நிறம் திருத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது ஒன்றுதான். தாளையும் மையையும் வீணாக்குவதோடு நிற்காமல், இது மூலப் படத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பதே அந்தக் கோபத்துக்குக் காரணம்.

படக்கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அந்த எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்பதை ஐசிசி புரொஃபைல் என்ற நிற விவரக் குறிப்புதான் சொல்கிறது. போட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் அச்சிடும்போது, நிறத்தை மென்பொருளே கவனித்துக்கொள்ளட்டும் என்று தெரிவு செய்து, பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைலைக் காட்டினால், படத்தின் எண்கள் அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டே வெளியே போகின்றன. வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அடுத்து நிற்கும் பிரிண்டர் டிரைவருக்கு, அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளுக்கு, இது தெரியாது. வந்திருப்பது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரையறையில் உள்ள ஏதோ ஒரு சாதாரணப் படம் என்று எண்ணிக்கொண்டு, தன் பங்குக்கு அதுவும் ஒரு முறை நிறத்தைத் திருத்துகிறது. தன் கண்ணாடிக்கு மேலே இன்னொருவர் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்பவரின் நிலைதான் அப்போது படத்துக்கும். பெரும்பாலும் முகங்கள் மெஜந்தா (கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம்) கலந்து சிவந்துபோகும், நிழல்கள் கனத்துப்போகும்.

இதைப் பார்த்ததும் செய்ய வேண்டியது டிரைவரின் நிறத் திருத்தத்தை நிறுத்துவது மட்டுமே. எப்சன் டிரைவர்களில் அது நிறத் திருத்தம் இல்லை என்ற தெரிவாகவும், கேனன் டிரைவர்களில் நிறப் பொருத்தம் என்ற பகுதியில் எதுவும் வேண்டாம் என்ற தெரிவாகவும் இருக்கும். மேக் கணினிகளில், மென்பொருள் பொறுப்பேற்றுக்கொண்டால் டிரைவரின் நிறப் பகுதி பெரும்பாலும் தானாகவே மங்கி, தொட முடியாததாகிவிடும். விண்டோஸில் நாமே போய் அணைக்க வேண்டும். ஒரு முறை அணைத்தோம் என்ற நம்பிக்கையும் போதாது. தாள் வகையையோ அச்சின் தரத்தையோ மாற்றும்போது சில டிரைவர்கள் இந்தத் தெரிவைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடுகின்றன. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்து, அதையே அழைத்துப் பயன்படுத்துவது நல்லது.

ஆனால் தொடங்குவோர் பலர் அங்கே போவதில்லை; படத்துக்குள் போகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவர், கண்காட்சி ஒன்றுக்காக எடுத்த உருவப்படங்களை அச்சிட்டபோது கன்னங்கள் எல்லாம் வெயிலில் கன்றியதுபோல் சிவந்து வந்திருக்கின்றன. அவர் நிறங்களைக் கோடுகளை வளைத்துக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியைத் திறந்து, சிவப்புக் கோட்டின் நடுவில் ஒரு சிறு பள்ளம் போட்டு அச்சிட்டிருக்கிறார். போதவில்லை என்று பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியிருக்கிறார். பிறகு நிழல்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பச்சையும் சேர்த்திருக்கிறார். ஒரு கட்டத்தில் பிரதி, திருத்தத்துக்கு முன் திரையில் தெரிந்த படத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவந்துவிட்டது. திரையில் அந்தப் படம் நோயாளியின் முகம்போல் வெளிறித் தெரிந்தாலும், அச்சில் சரியாக வருகிறதே என்று எல்லாக் கோப்புகளுக்கும் அதே திருத்தத்தைப் போட்டு, மூலக் கோப்புகளின் மேலேயே சேமித்தும்விட்டார்.

சில மாதங்கள் கழித்து அவர் புதிய கணினி வாங்கினார். அதில் டிரைவரின் திருத்தம் அணைந்திருந்தது. அதாவது முதல் முறையாக எல்லாம் சரியாக இருந்தது. வந்த பிரதிகள் அத்தனையும் பச்சையாக வந்தன. புதிய டிரைவரில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பி அதை இரண்டு முறை நீக்கி நிறுவிவிட்டு, அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். அடுக்குகள் இல்லாமல் ஜேபெக்காகச் சேமித்திருந்த அந்தத் திருத்தங்களை முழுமையாக விலக்க வழியில்லை. கேமரா பதிவு செய்த மூலத் தரவான ரா கோப்புகள் இருந்த படங்களை மட்டும் முதலிலிருந்து மீண்டும் உருவாக்கினார்.

இதைவிட எரிச்சலூட்டுவது, இந்தப் பழக்கத்தை அனுபவ அறிவுபோல் கற்றுக்கொடுப்போர் இருப்பது. "நம் பிரிண்டர் எப்போதும் கொஞ்சம் சிவப்பாகத்தான் அடிக்கும், அதனால் முன்கூட்டியே சயானைக் கூட்டிவிடு" என்பார்கள்; சயான் என்பது சிவப்புக்கு எதிரான நீலப்பச்சை. அது பிரிண்டரின் சுபாவம் அல்ல; எங்கோ ஒரு தெரிவு தவறாக இருக்கிறது, அல்லது அந்தத் தாளுக்கான புரொஃபைல் பொருந்தவில்லை. குறை படத்தில் இல்லாதபோது படத்தைத் திருத்தினால், குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியும் மூடிப்போகிறது.

சந்தேகம் வந்தால் சொந்தப் படத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல் கட்டங்கள் கொண்ட ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் சமமாக இருக்கட்டும். எஸ்ஆர்ஜிபி ஆனாலும், அதைவிட விரிந்த நிற வரையறையான அடோபி ஆர்ஜிபி ஆனாலும் மூன்றும் சமமென்றால் நிறச்சாயல் அற்ற சாம்பல்தான். அதை வழக்கமான அமைப்பிலேயே அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நடுச் சாம்பல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கோளாறு படத்தில் இல்லை, அது கடந்துபோகும் வழியில் இருக்கிறது. சாம்பல் சாம்பலாகவே வந்து, முகம் மட்டும் சிவந்திருந்தால் அப்போது படத்தைத் திறக்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மென்பொருளில் நிறப் பொறுப்பைப் பிரிண்டரிடம் விட்டுவிட்டு, டிரைவரிலும் திருத்தத்தை அணைத்துவிட்டால், பொறுப்பேற்க யாருமே இல்லாமல் நிறம் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து வரும். மென்பொருள், டிரைவர் இரண்டில் ஒன்று, ஒன்று மட்டும்.

வீட்டுப் பிரிண்டருக்காகப் படத்தை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றுவது

வேண்டாம். உள்ளே இருப்பது சிஎம்ஒய்கே என்ற பெயர் குறிக்கும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளே என்றாலும், புகைப்பட இங்க்ஜெட்டின் வழக்கமான டிரைவர் எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீல எண்கள் கொண்ட ஆர்ஜிபி படத்தைத்தான்.

புரொஃபைல் ஒரு தாளுக்கு, தாள் வேறொன்று

பளபளப்புத் தாளுக்கான புரொஃபைலைப் பளபளப்பற்ற மேட் தாளில் பயன்படுத்துவது தவறு என்பது பலருக்குத் தெரியும். டிரைவரில் கேட்கப்படும் தாள் வகையும் அதே அளவுக்கு முக்கியம் என்பதுதான் தெரிவதில்லை. எவ்வளவு மை இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் தெரிவே. இருவகைக் கறுப்பு மை கொண்ட பிரிண்டர்களில் போட்டோ பிளாக்கா, மேட் பிளாக்கா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. தாள் நிறுவனம் தரும் புரொஃபைல் ஒரு குறிப்பிட்ட தாள் வகைத் தெரிவை வைத்துத்தான் உருவாக்கப்பட்டிருக்கும். அது எது என்பது உடன் வரும் குறிப்பில் இருக்கும், படித்துப் பார்க்க வேண்டும்.

அச்சகத்துக்கு அடோபி ஆர்ஜிபி கோப்பை அனுப்புவது

அடோபி ஆர்ஜிபியின் வண்ணப் பரப்பு பெரியது என்று கேட்டுவிட்டு, கேமராவிலேயே அதைத் தேர்ந்தெடுத்து, அப்படியே அச்சிடக் கொடுப்போர் உண்டு. பல அச்சு நிலையங்கள் வரும் கோப்பு எதுவானாலும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன; அப்போது தோல் நிறம் உயிரிழந்து, பச்சை வாடிப்போகும். முன்கூட்டியே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் கோப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும். மாற்றுவதற்கு மென்பொருளில் இருப்பது கன்வர்ட் என்ற கட்டளை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் அசைன் என்ற கட்டளை எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றும் என்பதால், அதைச் செய்தவுடன் நிறம் கண்ணெதிரே மாறிப்போகும்.

மை காயுமுன் தீர்ப்புச் சொல்வது

தட்டிலிருந்து வெளிவந்த பிரதியைப் பார்த்த உடனே அடுத்த திருத்தத்தில் இறங்காமல், சில மணி நேரமாவது, முக்கியமான வேலை என்றால் ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும்.

எந்த விளக்கின் கீழ் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடுவது

பிரதிகளை ஒப்பிடுவதற்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை டி50 எனப்படும், பகல் வெளிச்சம் போன்ற ஒளியைக் கேட்கிறது. நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸும், சாதாரணமாகப் பார்ப்பதற்கு 500 லக்ஸும் வேண்டும் என்கிறது. திரைகளை 6500 கெல்வினில் (ஒளி மஞ்சளா நீலமா என்பதைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள்) அமைப்பதே பொதுவான வழக்கம். அப்படிப்பட்ட திரைக்குப் பக்கத்தில், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் பிரதியை வைத்துக்கொண்டு நிறம் ஒத்துவரவில்லை என்பதில் பொருளில்லை. சில தாள்களில் சேர்க்கப்படும் வெண்மையூட்டும் பொருள்கள் புற ஊதா ஒளி பட்டால் நீலச் சாயலோடு ஒளிர்வதால், சன்னலருகே பளிச்சென்று இருந்த தாள் எல்இடி விளக்கின் கீழ் லேசாக மஞ்சளித்துத் தெரிவதும் உண்டு. பிரதி எங்கே தொங்கப்போகிறதோ அங்குள்ள வெளிச்சத்தில் ஒரு சிறு சோதனைத் துண்டைப் பார்ப்பது, எந்தக் கருவியையும்விட நேரடியான விடை தரும்.

தாளால் தர முடியாததைத் தாளிடம் கேட்பது

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் சில நிறங்கள் வரமாட்டா. திரையின் தூய நீலம் தாளில் ஊதாவுக்கு நெருங்கிவிடும்; ஒளிரும் பச்சை அடங்கிப்போகும். திரையின் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 1000 மடங்கு வேறுபாடு இருப்பது சாதாரணம். நல்ல பளபளப்புத் தாளில் அது சுமார் 200 மடங்கு, மேட் தாளில் 40 முதல் 50 மடங்குதான். மறுபுறம், எஸ்ஆர்ஜிபி திரையால் காட்ட முடியாத சில ஆழ்ந்த சயான்களைப் பிரிண்டர் தாளில் கொண்டுவந்துவிடும்.

இதை முன்கூட்டியே திரையிலேயே காட்டுவதற்குத்தான் மென்பொருளில் சாஃப்ட் புரூஃப் என்ற முன்னோட்டம் இருக்கிறது. தாளின் வெண்மையையும் சேர்த்துக் காட்டும் தெரிவை இயக்கியதும் படம் சட்டென்று வெளிறுவதைப் பார்த்து, பலர் அதை உடனே அணைத்துவிடுகிறார்கள். பழைய படத்தைக் கண் நினைவில் வைத்திருப்பதால் வரும் அதிர்ச்சி அது. அந்தத் தெரிவை அழுத்தும் கணத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பி, சில நொடிகள் கழித்துப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியாது. திரையோரத்தில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அவற்றையும் மறைத்துவிட வேண்டும். தாளால் காட்ட முடிந்த எல்லைக்கு வெளியே நிற்கும் நிறங்களை உள்ளே கொண்டுவர மென்பொருளில் உள்ள இரண்டு முறைகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறை வெளியே நிற்பவற்றை மட்டும் எல்லைக்குள் இழுத்து மற்றவற்றைப் பெரிதும் தொடாமல் விடுவதால், அடங்கிய நிறமுள்ள உருவப்படங்களுக்கு நான் பெரும்பாலும் அதையே, படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனோடு பயன்படுத்துகிறேன். பெர்செப்சுவல் முறை எல்லா நிறங்களையும் சேர்த்து நெருக்குவதால், அடர்ந்த நிறத்தில் இதழ் மடிப்புகள் தட்டையாகிப்போகும் பூப் படங்களுக்கு அது உதவும். எந்த முறையிலும் அடங்காத நீலத்தை, அந்தப் பகுதியில் மட்டும் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்து நாமே இறக்கிவிடுவது, அதற்காக மொத்தப் படத்தையும் மாற்றுவதைவிட மேல். ஆனால் அந்தத் திருத்தத்தைத் தனி அடுக்கில், அந்தத் தாளின் பெயரிட்டுப் போட வேண்டும், ஏனென்றால் அடுத்த தாளுக்கு அது பொருந்தாது.