வெந்தயம் அரைத்துத் தேய்த்தால் தலையில் ஒட்டும் திப்பி: நான் சரிசெய்த விதம்

ஊறிய வெந்தயத்தை மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் தோல் முழுசாக மசியாது. அந்தத் திப்பிதான் முடியில் ஒட்டி, காய்ந்ததும் பொடுகு போல உதிரும். போர்வெல் தண்ணீரில் அலசினால் இன்னும் மோசம். நமக்கு வேண்டியது அந்த வழவழப்பு மட்டும்தான், விதை அல்ல. அதனால் அரைப்பதையே விட்டுவிட்டேன்.

2 மேசைக்கரண்டி வெந்தயத்தை 2 டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். சென்னை மே மாத வெயிலில் 8 மணி நேரத்தைத் தாண்டினால் புளித்து வாடை வரும். ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் 10 நிமிடம், கிளறிக்கொண்டே. கரண்டியிலிருந்து நூல் போல இறங்கியதும் அணைத்துவிடலாம். கை பொறுக்கும் சூட்டிலேயே பழைய வேட்டித் துணியில் பிழிய வேண்டும். ஆறவிட்டால் கெட்டியாகி, துணியைத் தாண்டி ஒரு சொட்டும் இறங்காது. நான் அதிகம் தவறியது இங்கேதான்.

ஈர முடியில் தடவி 20 நிமிடம் போதும். காயவிடாதீர்கள், காய்ந்தால் முடி விறைத்துக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது போர்வெல் தண்ணீருக்குப் பதில் ஒரு வாளி மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணீர்).

மீதி 3 நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். வெந்தயத் தண்ணீர் குடிப்பது வேறு விஷயம்: சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.