மரபு நாளில் வெண்ணெய் கடையும் மேசை: புதிய தன்னார்வலருக்கான செய்முறை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கன்சாஸ் போன்ற சமவெளி மாநிலங்களில் முதல் குடியேறிகளின் பண்ணை வீடுகள் பல இன்று அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அங்கே அந்தக் கால வேலைகளைச் செய்து காட்டும் மரபு நாளில் உதவப் போகிறீர்கள் என்றால், வெண்ணெய் கடையும் மேசையைக் கேட்டு வாங்குங்கள். சிறுவர்கள் தாங்களே கைவைத்துச் செய்யக்கூடிய வேலை அது.

1. உடை. பருத்தி அல்லது கம்பளி உடுத்துங்கள். பக்கத்தில் அடுப்பு எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பாவாடையின் ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தரையில் புரண்டால் நெருப்பிலும் படும், காலிலும் சிக்கும்.

2. பாத்திரம். காட்சிக்கு வைத்திருக்கும் பழைய கடைகலனில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் பழைய மரம் உப்பி வெடிக்கும். புழக்கத்துக்கென்று தரும் கலனையே எடுங்கள். நம் மத்தைக் கயிற்றால் சுழற்றுவோம்; இங்கே நீண்ட கோலின் அடியில் குறுக்குக் கட்டை இருக்கும், அதை மேலும் கீழுமாகக் குத்த வேண்டும்.

3. க்ரீம். கொழுப்பு 36 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளது, கெட்டிப்படுத்தும் பொருள் சேர்க்காதது. 8 லிட்டர் கலனுக்கு 3 லிட்டர் போதும். கடையும்போது பொங்கி ஏறும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பினால் மூடி வழியே வழியும்.

சூடுதான் எல்லாம். க்ரீம் 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஊற்றினால் ஒரு மணி நேரம் குத்தினாலும் நுரைதான் மிஞ்சும். 20-ஐத் தாண்டினால் வெண்ணெய் மணியாகத் திரளாமல் களிம்புபோல் இழுபடும், மோரும் சரியாகப் பிரியாது. வெப்பமானியைக் கையிலேயே வைத்திருங்கள். வெயில் நாளில் கலனை ஈரத்துணியால் சுற்றி நிழலில் வையுங்கள்.

4. கடைதல். நிமிடத்துக்கு 50, 60 குத்து, ஒரே சீராக. முதலில் சளசளவென்று கேட்கும். பிறகு சத்தம் அடங்கி, கோல் கனத்து, கை வலிக்கும். வந்தவர்கள் "ஆகிவிட்டது" என்று நிறுத்துவது இங்கேதான். அது வெறும் கெட்டிக் க்ரீம், விடாதீர்கள். சட்டென்று கை இலகுவாகி மறுபடி சளசளப்பு கேட்கும். கோலைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். மணி மிளகளவு ஆனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் குத்தினால் கட்டிக்குள் மோர் சிக்கிக்கொண்டு சீக்கிரம் புளிக்கும்.

வேகம் பிடித்த சிறுவர்கள் கோலை அடியில் இடிப்பார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை பீங்கான் கலனில் நிஜமாகவே நடக்கும். கோலின் மேல்பாதியில் ஒரு கை உங்களுடையதாக இருக்கட்டும்.

5. கழுவி உப்பிடுதல். மோரை வடித்து, குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை, நீர் தெளியும்வரை கழுவுங்கள். மரக்கரண்டியைக் குளிர்நீரில் முன்கூட்டியே ஊறவைத்தால் வெண்ணெய் ஒட்டாது. அழுத்தி நீரை வெளியேற்றி, கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் உப்புச் சேர்த்துப் பிசையுங்கள். 3 லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ அளவில் தேறும். சுவைக்கக் கொடுக்கலாமா என்பதை நடத்துபவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. பேச்சு. கடைய ஏறத்தாழ அரைமணி ஆகும், அதற்குள் சொல்ல நிறைய உண்டு. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறுவோருக்குச் சிறிய கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிரிட வேண்டும். வீட்டுச் செலவுக்குப் போக மிஞ்சிய வெண்ணெயைப் பெண்கள் கடையில் கொடுத்து, சர்க்கரையும் துணியும் வாங்கினார்கள். பசு உலர்தீனி தின்னும் குளிர்காலத்தில் வெண்ணெய் வெளுத்துப்போகும், அதற்குக் கேரட் சாறு கலந்தார்கள். அந்த நிலம் யாருமற்ற நிலமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். தென்கிழக்கு நெப்ராஸ்காவில் ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். இதை விட்டுவிட்டுச் சொன்னால் வரலாறு பாதிதான்.

7. முடிவில். மரப் பாகங்களை முதலில் குளிர்நீரில் அலசி, பிறகு வெந்நீரில் கழுவுங்கள். நேரே வெந்நீர் ஊற்றினால் பால்புரதம் மரத்தில் படிந்து நாறும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் விரிசல் விடும்.