குன்றிமணி: மணி என்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

"வீட்டில் குந்துமணி தங்கம்கூட இல்லை" என்று ஒரு தடவையாவது சொல்லாத குடும்பம் குறைவு. ஆனால் அந்தக் குந்துமணியை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தவர்களும் குறைவுதான். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால் கண்ணுக்கு இரண்டு பதித்துத் தருவார்கள், அதோடு சரி. பெயரிலேயே 'மணி' ஒட்டிக்கொண்டதால் அது ஒரு விதை என்பதே நமக்கு மறந்துவிட்டது. அவரை, துவரை, உளுந்து எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் ஆப்ரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த கொடியின் விதை அது. இந்தப் பேரினத்தில் இருபதுக்கும் குறைவான இனங்கள்தான் உண்டு.

அதிகம் நடக்கும் தவறு, சிவப்பாக இருப்பதையெல்லாம் குன்றிமணி என்பது. முழுச் சிவப்பாக, தட்டையாக, கொஞ்சம் இதய வடிவில் இருந்தால் அது ஆனைக்குன்றிமணி, அதாவது மஞ்சாடி. குருவாயூர் கோயிலில் உருளியில் போட்டு வைத்திருப்பார்களே, அதுதான். அது கொடியில் காய்ப்பதல்ல, பெரிய மரத்தில் காய்ப்பது. காயைப் பார்த்தால் குழப்பமே வராது. மஞ்சாடிக் காய் ஒரு சாண் நீளத்துக்கு ஒல்லியாகத் தொங்கும், வெடித்ததும் முறுக்கு மாதிரி சுருண்டுகொள்ளும். குன்றிமணிக் காய் சுண்டுவிரலில் பாதி நீளம்தான், நுனியில் கிளிமூக்கு போல ஒரு சின்ன வளைவு, உள்ளே மூன்று முதல் ஆறு விதைகள். கொத்துக் கொத்தாக வேலியில் காய்க்கும்.

விதையில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். விதையைத் திருப்பினால் கறுப்புப் பகுதிக்குள் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெளிறிய குழி தெரியும். காயோடு விதை ஒட்டியிருந்த தழும்பு அது. வள்ளுவர் குன்றியின் இந்தக் கறுத்த பக்கத்தை 'மூக்கு' என்றார்; இன்றைக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மெக்சிகோ பக்கம் ரிங்கோசியா என்ற வேறொரு பயறுக் கொடி இருக்கிறது. அதன் விதையும் சிவப்பும் கறுப்பும்தான், அசப்பில் குன்றிமணியே. ஆனால் அதன் தழும்பு சிவப்புப் பக்கத்தில் இருக்கும். மாலையாகக் கோத்து விற்கும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு புள்ளிதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: சிவப்பும் கறுப்பும் இல்லையென்றால் குன்றியே அல்ல என்பது. வெண்குன்றி இருக்கிறது, கறுப்புக் குன்றியும் இருக்கிறது. இந்தப் பேரினத்தின் மற்ற சில இனங்களில் காய் இன்னும் நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும், விதை மங்கிய பழுப்பிலோ கறுப்பிலோ இருக்கும்; யாரும் மாலை கட்ட ஆசைப்பட மாட்டார்கள். வெள்ளை விதை மருந்துச் சரக்கு, அதனால் நஞ்சு கிடையாது என்று சிலர் நம்புகிறார்கள். தப்பு. நிறம் மாறினாலும் உள்ளே இருக்கும் நஞ்சு ஒன்றுதான்.

அந்த நஞ்சின் பெயர் ஆப்ரின். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினுக்கு உறவுக்காரன், அதைவிட வீரியம் கூடியது. உடலின் செல்களுக்குள் நுழைந்து புரதம் தயாரிக்கும் வேலையை நிறுத்திவிடும். இங்கேதான் விதையின் மேல்தோல் முக்கியமாகிறது. அது கல் மாதிரி கெட்டி. முழு விதையைக் குழந்தை விழுங்கினால், பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். "என் தம்பி சின்ன வயதில் முழுங்கினான், ஒன்றும் ஆகவில்லை" என்ற கதை ஊருக்கு ஊர் உலவக் காரணம் இதுதான். அதே விதையைக் கடித்து மென்றாலோ, ஓட்டை போட்டதாலோ இடித்ததாலோ தோல் உடைந்திருந்தாலோ கதை வேறு. ஒரே விதைகூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

மாலை, வளையல் என்று கோப்பதற்கு ஓட்டை போடுகிறார்களே, அந்த ஓட்டை அழகுக்கு மட்டும் வழி விடுவதில்லை. 2011 இறுதியில் பிரிட்டனில் ஒரு பிரபல தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற இந்த விதை வளையல்களை எல்லாம் வாங்கியவர்களிடமிருந்து திரும்பக் கேட்டது. நம்மூரில் கோயில் வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. துளையிடும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதும் ஆபத்துதான். முடி வளர எண்ணெய் காய்ச்சுகிறேன் என்று வீட்டு மிக்ஸியில் குன்றிமணியை அரைப்பவர்களை நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது. அடுத்த நாள் அதே ஜாரில்தானே சட்னி? சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், தொடமாட்டார்கள். அது வைத்தியர் வேலை.

குழந்தை கடித்துவிட்டது என்று தெரிந்தும் "நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருப்பது எல்லாவற்றையும்விட மோசமான தவறு. வாந்தி, பேதி எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். மாற்றுமருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சம் விதை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல்லாங்குழிக்குக் காய் வேண்டுமானால் புளியங்கொட்டை இருக்கவே இருக்கிறது.

இலையை மென்றால் தித்திக்கும், வேரை அதிமதுரத்துக்குப் பதிலாகச் சேர்ப்பார்கள். அதனால் விதையும் சாதுவாக இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. பயறு வகை என்பதால் வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பும் வேண்டாம்.

அப்புறம் அந்தத் தங்கக் கணக்கு. எல்லாக் குன்றிமணியும் ஒரே எடை, இயற்கையே செய்து தந்த படிக்கல் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கைப்பிடி எடுத்து நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தால் பெருமை கலைந்துவிடும். ஒன்று மெலிந்திருக்கும், ஒன்று பருத்திருக்கும். வடக்கே ரத்தி என்று நிர்ணயித்த எடை சுமார் 121 மில்லிகிராம், 96 ரத்தி ஒரு தோலா என்ற பழைய எடை. அது சராசரி, விதைக்கு விதை வாக்குறுதி இல்லை. ஒத்த அளவு விதைகளைப் பொறுக்கி எடுத்த ஆசாரியின் கண்தான் உண்மையான படிக்கல். வைரத்தை நிறுக்கும் காரட் என்ற அளவுக்குப் பெயர் கொடுத்த கரோப் விதையும் பயறுக் குடும்பம்தான், அதைப் பற்றியும் இதே கட்டுக்கதை உண்டு. 1907-இல் காரட்டை 200 மில்லிகிராம் என்று முடிவுசெய்ததோடு விதைக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

காயைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். வெடித்ததும் விதை சிதறிவிடும் என்று நினைத்துத் தரையில் தேடுவார்கள். குன்றிமணிக் காய் வெடித்து இரண்டு பக்கமும் பின்னால் மடங்கும், ஆனால் விதைகள் மூக்கால் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கொடியிலேயே நிற்கும். சதைப்பற்றே இல்லாமல் பழம் போல மினுக்கிப் பறவைகளை ஏமாற்றும் ஏற்பாடு என்கிறார்கள்.

விதைத்துப் பார்த்து முளைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கும் பதில் அந்த மேல்தோல்தான். தண்ணீர் உள்ளே இறங்காது, மண்ணில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். அதனால் சதுர்த்தி முடிந்து பிள்ளையாரை வாளியில் கரைத்து அந்த மண்ணைப் பூந்தொட்டியில் கொட்டுகிறவர்கள் முதலில் கண்களை எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டீர்களா? என்றாவது ஒருநாள் அந்தத் தொட்டியில் புளிய இலை மாதிரி இலையோடு ஒரு கொடி எட்டிப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், என்றோ கரைத்த பிள்ளையாரின் கண்தான் அது.