‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள்: ஒரு ஃபே நைட்டை வில்லனாக உருவாக்கும் முறை

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதையைச் சொல்லி எதிரிகளை ஆட்டுவிக்கும் கேம் மாஸ்டர் நான். விளையாடுகிறவர்கள் நாலு பேர். பூதம், எலும்புக்கூடு, குட்டி டிராகன் என்று எது வந்தாலும் ஓட ஓட விரட்டுகிறவர்கள், ஒரே ஒருத்தன் முன்னால் மட்டும் வாயைத் திறக்கவே யோசித்தார்கள். அவன் ஒரு ஃபே நைட், அதாவது மாய உலகத்துக் குதிரைவீரன். முதல் தடவை கேம் நடத்தப் போகிறவர்களும் அப்படி ஒருத்தனை உருவாக்க முடியும். நான் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள், மூன்றாம் லெவல் கேரக்டர்கள் நாலு பேர் என்ற கணக்கில் படியுங்கள்.

படி 1: ஃபே என்றால் யார்?

சிறகு முளைத்த குட்டித் தேவதை மனசில் வந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் மக்கள் இவர்கள் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். ‘நல்லவர்கள்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ராத்திரி நேரத்தில் பாம்பை ‘பூச்சி’ என்கிறோம், அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்கிறோம். அதே பயம், அதே மரியாதை.

இரும்பும் அப்படித்தான். அந்தக் கதைகளில் ஃபேக்கு இரும்பு ஆகாது. எங்கள் ஆயா இருட்டின பிறகு யாருக்காவது கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால், கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடாமல் விடமாட்டார். ஃபேயைப் பற்றி நீங்கள் புத்தகத்தில் தேட வேண்டியதில் பாதி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

படி 2: அவனுடைய வாக்கை ஒரே வரியில் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. வாள், கவசம், குதிரை எல்லாம் அப்புறம்.

ஃபே நைட் பொய் சொல்லமாட்டான். கொடுத்த வாக்கை மீறமாட்டான். அவனிடம் பயப்பட வேண்டியதே அதுதான். வாக்கில் இருக்கிற சொல் எதுவோ அதை அப்படியே நிறைவேற்றுவான். கேட்டவன் மனசில் என்ன நினைத்தான் என்பது அவனுக்குத் தேவையில்லை. அதனால் அவன் செய்யும் ஒப்பந்தத்தை நோட்டில் வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள். ஆட்டம் நடக்கும்போது ஞாபகத்திலிருந்து சொன்னால் ஒரு சொல் மாறும், மொத்தமும் குழம்பிவிடும்.

நான் எழுதியது இது. இடம், எண்ணூர் முகத்துவாரம் மாதிரி ஆறும் கடலும் சேரும் ஒரு கழிமுகம். பல நாளாக மீன் படாமல் கடனில் மூழ்கிய ஒரு படகுக்காரர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். ஈர மணலில் குதிரையில் ஒருவன் வருகிறான். குதிரைக்குக் குளம்படித் தடமே விழவில்லை. அவன் சொல்கிறான்:

“இன்றிரவு தங்கள் வலையோடு முதலில் படகேறுவது எனக்கு. அதன்பின் தாங்கள் உயிரோடு உள்ளவரை தங்கள் வலை வெறுமையாக ஏறாது. தாங்கள் ‘சரி’ என்றால் இது ஒப்பந்தம். யோசித்துச் சொல்லுங்கள்.”

“அவ்ளோதானே சாமி? சரி” என்கிறார் படகுக்காரர்.

நடுக்கடலில் வலை எதிலோ சிக்குகிறது. எடுத்துவிடத் தண்ணீரில் குதித்த அவருடைய பன்னிரண்டு வயது மகன், வலையின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி படகேறுகிறான். கரையில் நைட் காத்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் நம் நாலு பேர் கதைக்குள் வருகிறார்கள். பையனைக் கூட்டிப்போக நைட்டுக்கு விடியும்வரை நேரம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வாக்கை எழுதும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். கேட்கிறவருக்கு அது மலிவான பேரமாகத் தெரிய வேண்டும். அதிலிருந்து தப்பிக்க ஒரு சந்தாவது சொற்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். சந்தே இல்லாவிட்டால் அவனை வாளால் மட்டும்தான் வெல்ல முடியும், அப்போது அவன் சாதாரண ராட்சசனாகிவிடுவான்.

படி 3: அவன் பேச்சு

தமிழில் ஆடுவதன் பெரிய லாபம் இங்கேதான். நம் ஊர் படகுக்காரர், டீக்கடைக்காரர், காவலாளி எல்லாரும் மெட்ராஸ் பாஷையில் பேசட்டும். நைட் மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழில் பேசட்டும். சின்னப் பையனைக்கூட ‘தாங்கள்’ என்றுதான் கூப்பிட வேண்டும். குரலை உயர்த்தவே கூடாது. “இன்னாபா, யாரு நீ?” என்று ஒருவர் கேட்க, “தங்கள் வருகைக்காகவே காத்திருந்தேன்” என்று மெதுவாகப் பதில் வரும்போது மாடியே அமைதியாகிவிடும்.

அந்தத் ‘தாங்கள்’ ஒரே ஒரு முறைதான் உடைய வேண்டும். அவனுடைய ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பாதிக்குக் கீழே போனதும் ‘நீ’ என்று கூப்பிடுங்கள். வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

‘சரி’ என்ற சொல்லையும் விதியாக்குங்கள். நாம் பேச்சுக்குப் பேச்சு சரி சரி என்கிறோம். நைட் எதிரில் இருக்கும்போது அதுவே சம்மதம். ஆனால் இதை மறைத்து வைக்காதீர்கள். அவன் வாயாலேயே ஒரு முறை எச்சரித்துவிட வேண்டும். தெரியாத விதியில் விழுந்த ஆள் கோபப்படுவார், தெரிந்த விதியில் விழுந்தவர்தான் பயப்படுவார்.

படி 4: எண்கள்

புதிதாக எழுத உட்காராதீர்கள். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘நைட்’ என்ற மனித எதிரி உண்டு: ஏசி 18 (அவன்மேல் அடி பட, டைஸில் விழுந்ததும் அடிக்கிறவரின் கூடுதலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்), ஹெச்பி 52, ஒரு டர்னில், அதாவது அவன் முறை வரும்போது, இரண்டு வெட்டு, அடிக்கக் கூடுதல் +5, ஒரு வெட்டுக்குச் சேதம் 2டி6+3 (இரண்டு ஆறுமுக டைஸ், கூட 3). இவனை எடுத்து மாற்றினால் போதும்.

ஏசியை 16 ஆக்குங்கள். மூன்றாம் லெவலில் பெரும்பாலும் +5 வைத்துத்தான் அடிப்பார்கள். 16ஐத் தொட டி20இல், அதாவது இருபது முக டைஸில், 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது இரண்டில் ஓர் அடி படும். முதல் தடவை நான் ஏசி 20 வைத்தேன். 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி. சுற்று சுற்றாக ஒன்றும் படாமல் போய், ஒரு தம்பி தன் டர்ன் வருவதற்குள் பாயில் படுத்துத் தூங்கிவிட்டான். ஏசியைக் குறைத்ததற்கு ஈடாக ஹெச்பியை 65 ஆக்குங்கள். நாலைந்து சுற்று தாங்கும்.

வாளை மாற்றுவதும் முக்கியம். 2டி6+3 சராசரி 10, இரண்டு வெட்டும் பட்டால் 20. மூன்றாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) 17 ஹெச்பி இருந்தால் ஒரே டர்னில் விழுந்துவிடுவார். 1டி8+3 வைத்தால் சராசரி ஏழரை, இரண்டும் பட்டால் 15. விசார்டுக்கு 2 மிஞ்சும். அந்த 2 ஹெச்பியோடு அடுத்த டர்னுக்குக் காத்திருக்கிற பதற்றத்துக்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

அப்புறம் வகையை ‘ஹியூமனாய்ட்’ (மனித உருவினர்) என்பதிலிருந்து ‘ஃபே’ என்று மாற்றுங்கள். இதனால் ஹோல்ட் பெர்சன், சார்ம் பெர்சன் என்ற மந்திரங்கள் இரண்டும் அவனிடம் பலிக்காது, அவை ஹியூமனாய்ட் வகைக்கு மட்டுமானவை. புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் என்ற காப்பு மந்திரம் பலிக்கும். முதல் மந்திரம் வீணாகும்போதே ‘இவன் மனுஷன் இல்லை’ என்று அவர்களாகக் கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக, 30 அடி தூரம் மறைந்து தோன்றும் சக்தி ஒன்று, வெட்டுக்கு மேல் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனாக. அவன் டர்ன் தொடக்கத்தில் டி6 உருட்டி 5 அல்லது 6 விழுந்தால் அந்தச் சக்தி திரும்பக் கிடைக்கும். இரும்பு பட்டால் அவனுடைய அடுத்த டர்ன் முடியும்வரை மறைய முடியாது. ஐந்தாம் பதிப்பில் ஃபேக்கு இரும்பு ஆகாது என்று பொதுவிதி இல்லை, நாமே சேர்ப்பதுதான். போர்வாள் எல்லாம் எஃகு என்று ஒதுக்கிவிடுங்கள். ஆணி, சங்கிலி, நங்கூரம் மாதிரி பச்சை இரும்புக்குத்தான் இந்த வலு. அப்போதுதான் ஆட்கள் சுற்றுமுற்றும் தேடுவார்கள்.

படி 5: களம்

எங்களுக்கு கேரம் போர்டுதான் களம். ஆடுபரப்பு ஏறக்குறைய 74 செ.மீ. சதுரம், அதன்மேல் சார்ட் பேப்பர். காய் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அதனால் ஓர் அங்குலக் கட்டம் போட்டால் இடிக்கும். மூன்றரை செ.மீ. கட்டம் போடுங்கள், ஒரு பக்கத்துக்கு 21 கட்டம் வரும். ஒரு கட்டம் 5 அடி, நைட் மறைந்து தாவும் தூரம் 6 கட்டம். ஸ்ட்ரைக்கர்தான் நைட். சிவப்புக் காயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அவன் சேவகம் செய்யும் ராணிக்காக.

எங்கள் மாடியில் நடந்தது

சண்டை மூன்றாம் சுற்று. நங்கூரச் சங்கிலியை அவன் தோளில் வீசிவிட்டார்கள், மறைய முடியவில்லை. ஹெச்பி 30க்கு வந்துவிட்டது. “நீ எடுத்து வைத்த அடிக்கு விலை உண்டு” என்றேன். முதல் ‘நீ’. யாரும் டைஸைத் தொடவில்லை.

அப்போதுதான் அதுவரை பேசாமலிருந்த தங்கை கேட்டாள்: “அண்ணா, வலையில வேற இன்னா இருந்துச்சு?”

நான் அதை யோசித்தே வைக்கவில்லை. வலையில் என்ன இருக்கும்? பையன் பிடித்திருந்த ஓரத்துக்கு முன்னால் இரண்டு முழம் வலை படகுக்குள் ஏறியிருக்கும். கண்ணியில் ஒரு நண்டு மாட்டியிருந்தது என்றேன். அவள் நோட்டில் எழுதிய வாக்கைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். வலையோடு முதலில் படகேறுவது.

நைட் வாளை உறையில் போட்டான். நண்டைக் குனிந்து எடுத்தான், பையனுக்குத் தலை தாழ்த்தினான். “தாங்கள் சொல்வது மெய்” என்று சொல்லி, தடம் விழாத குதிரையில் ஏறிப் போய்விட்டான்.

ஸ்ட்ரைக்கரை பெட்டியில் வைக்கும்போது தம்பி ஒருத்தன் நோட்டை இழுத்து இரண்டாவது வரியைப் படித்தான். படகுக்காரர் உயிரோடு உள்ளவரை வலை வெறுமையாக ஏறாது. மீன் ஏறும் என்று அதில் எங்கேயும் இல்லை. அடுத்த ஞாயிறு அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.