ஆற்று நீரில் வேதிச் சிதைபொருட்களைக் கண்டறிதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் கலக்கும் நகர்ப்புற ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் முட்டையிடாமலேயே செத்து ஒதுங்குவது பல ஆண்டுகளாக விளங்காத புதிராக இருந்தது. உலோகங்கள்மீதும் எண்ணெய்க் கழிவுகள்மீதும் சந்தேகம் விழுந்தது. ஆனால் அவற்றைக் கலந்து வைத்த நீரில் மீன்கள் பிழைத்துக்கொண்டன. 2020 டிசம்பரில்தான் விடை வெளியானது. டயர் ரப்பர் ஓசோனால் வெடித்துப்போகாமல் காக்கச் சேர்க்கப்படும் 6-பிபிடி என்னும் சேர்மம், அந்த ஓசோனோடு வினைபுரிந்து 6-பிபிடி-குயினோனாக மாறுகிறது. சாலையிலிருந்து மழைநீர் அதை ஓடைக்கு அடித்து வருகிறது. டயரில் சேர்க்கப்படும் பொருட்களின் பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம், அதை யாரும் தயாரிக்கவில்லை என்பதே: அது தயாரிக்கப்பட்ட ஒரு சேர்மம் (தாய்ச்சேர்மம்) மாறி உருவாகும் சிதைபொருள்.

இத்துறையில் ஆகப் பெரிய தவறு எது என்று கேட்டால், தயாரிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீரைச் சோதிப்பது என்றே சொல்வேன். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதப்பட்டிருந்தால், தேடிய சேர்மம் கருவியின் கண்டறியும் வரம்புக்கு மேல் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. அட்ரசின் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிநீரில் அதற்கான வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். அந்த எண் தாய்ச்சேர்மத்துக்கு மட்டுமே உரியது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதன் பக்கக்கிளையை வெட்டி உருவாக்கும் டீஎத்தில்அட்ரசினை அளக்காவிட்டால், நிலத்தில் தெளித்ததில் எவ்வளவு நீருக்கு வந்தது என்ற கணக்கில் ஒரு பகுதி விடுபட்டுப்போகும். அளந்தபின்னும் எடைகளை அப்படியே கூட்டிவிடக் கூடாது. சிதைபொருளின் மூலக்கூறு எடை குறைவு என்பதால், 1 மைக்ரோகிராம் டீஎத்தில்அட்ரசின் ஏறத்தாழ 1.15 மைக்ரோகிராம் அட்ரசினிலிருந்து வந்ததாகும். மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதே சரி.

தாய்ச்சேர்மத்துக்குப் பொருந்திய கருவி அதன் சிதைபொருளுக்கும் பொருந்தும் என்று நம்புவது அடுத்த தவறு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதிக் கிணறுகளில் அலக்ளோர் களைக்கொல்லி இருப்பதாக, சேர்மத்தின் வடிவத்தை எதிர்ப்பொருளால் கண்டுகொள்ளும் எலைசா சோதனைகள் காட்டின. அதே நீரை, சேர்மங்களை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு வண்ணப்பிரிகையில் சோதித்தபோது அலக்ளோர் இல்லை. இரண்டு கருவிகளும் பழுதாகவில்லை. நீரில் இருந்தது அலக்ளோரின் சல்ஃபோனிக் அமிலச் சிதைபொருள். வடிவ ஒற்றுமையால் எலைசாவின் எதிர்ப்பொருள் அதையும் அலக்ளோர் என்று பிடித்துக்கொண்டது. மின்னூட்டம் கொண்ட அந்த அமிலம் ஆவியாகாது என்பதால் வாயு வண்ணப்பிரிகைக்கு அது தென்படவே இல்லை. பின்னர் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் அதைக் கண்டார்கள். சிதையும்போது பெரும்பாலான சேர்மங்கள் ஆக்சிஜனையோ அமிலத் தொகுதியையோ பெற்று நீரில் மேலும் எளிதாகக் கரைபவையாகின்றன. அவற்றுக்கு, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியோடு இணைத்த, ஆவியாக்காமல் கரைசலாகவே பிரிக்கும் திரவ வண்ணப்பிரிகையே ஏற்றது.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகளை எந்த விலையுயர்ந்த கருவியாலும் பின்னர் திருத்த முடியாது. ஆய்வகத்தார் இதைப் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. வறண்ட நாளில் ஒரு புட்டி நீர் எடுத்துவிட்டு, டயர்ச் சிதைபொருள் இல்லை என்று எழுதுவதில் பயனில்லை. மழைநீர் ஓடிவரும் சில மணி நேரத்தில் அடுத்தடுத்து எடுத்தாக வேண்டும். 6-பிபிடி-குயினோன் நீரை விட்டு ரப்பர், சிலிக்கோன் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் கண்ணாடிப் புட்டியும் நீளம் குறைந்த குழாய்வழியும் தேவை. வெளிச்சத்தில் சிதையும் சேர்மங்களுக்காகப் பழுப்புப் புட்டியைப் பயன்படுத்துவது நல்ல வழக்கம்தான். ஆனால் அதுவே எப்போதும் போதும் என்று எண்ண வேண்டாம். மாட்டிறைச்சிப் பண்ணைகளில் பயன்படும் டிரென்போலோன் என்னும் ஸ்டீராய்டின் வளர்சிதைப் பொருட்கள் வெயிலில் சிதைந்து, இருட்டில் மீண்டும் பழைய சேர்மமாகத் திரும்புகின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய சேர்மத்தை நண்பகலில் மட்டும் அளந்தால் ஆறு தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொண்டதுபோலத் தோன்றும். அதே மாதிரியை இருட்டில் நெடுநேரம் வைத்தால் ஆற்றில் இல்லாத அளவு புட்டிக்குள் உருவாகிவிடும். இரவிலும் மாதிரி எடுப்பதும், காலந்தாழ்த்தாமல் பிரித்தெடுப்பதும் இங்கே வழி.

கருவியே சிதைபொருளை உண்டாக்குவதும் உண்டு. வாயு வண்ணப்பிரிகையின் சூடான உட்செலுத்து வாய் அழுக்கடைந்திருந்தால், அங்கேயே டி.டி.டி. பூச்சிக்கொல்லி உடைந்து, அதன் சிதைபொருளான டி.டி.ஈ. ஆகிறது. ஏரிப் படிவில் டி.டி.ஈ. மிகுந்திருந்தால் அது பழைய எச்சம் என்றும், டி.டி.டி. மிகுந்திருந்தால் அண்மையில் பயன்படுத்தியது என்றும் முடிவு செய்யும் வழக்கம் இருப்பதால், இந்தப் பிழை புதிய குற்றத்தைப் பழையதாக்கிக் காட்டிவிடும். தூய டி.டி.டி.யைச் செலுத்திப் பார்த்து, சிதைவு 15 சதவீதத்தைத் தாண்டினால் வாயைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறை சொல்கிறது.

நிறை மட்டும் பொருந்திவிட்டால் சேர்மம் கிடைத்துவிட்டதாக அறிவிப்பது ஆபத்தானது. ஒரே மூலக்கூறு வாய்பாட்டில் பல அமைப்புகள் அடங்கும். சால்மன் புதிரை விடுவித்த வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 6-பிபிடியை ஓசோனோடு வினைபுரியச் செய்து, விளைபொருளை மீன் கொன்ற நீரிலிருந்து பிரித்ததோடு ஒப்பிட்ட பிறகே பெயரை வெளியிட்டார்கள். அடையாளம் உறுதியானபின் அளவிலும் கவனம் வேண்டும். பாதிக் கோஹோ மீன்களைக் கொல்லும் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என்று முதலில் கணித்தவர்கள், வணிக முறையில் தூய ஒப்பீட்டுப் பொருள் (அளவை ஒப்பிட உதவும் அதே சேர்மத்தின் தூய மாதிரி) கிடைத்ததும் 2022இல் அதை 0.095 மைக்ரோகிராமாகத் திருத்தினார்கள். ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாடு! அதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டது போற்றத்தக்கது. ஒப்பீட்டுப் பொருள் கிடைக்காதபோது 'தோராய அளவு' என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

சிதைபொருள் கிடைத்தவுடன் அருகிலுள்ள உழவரைக் குற்றவாளியாக்குவதும் நடக்கிறது. ஏ.எம்.பி.ஏ. என்பது கிளைபோசேட் களைக்கொல்லியின் சிதைபொருள் என்பது உண்மை; துணி துவைக்கும் தூள்களில் சேர்க்கப்படும் சில பாஸ்போனேட்டுகளும் அதே பொருளாகச் சிதைகின்றன என்பதும் உண்மை. கழிவுநீர் வாய்க்கால் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் தனித்தனியே அளந்து, ஆண்டு முழுதும் வருகிறதா, தெளிக்கும் பருவத்து மழையில் மட்டும் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு உடன் இருந்தால், அந்த இடத்தில் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது என்று கொள்ளலாம்.

சிதைந்தது தீங்கற்றது என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. டோலைல்ஃபுளுவானிட் பூஞ்சைக்கொல்லியிலிருந்து வரும் டைமெத்தில்சல்ஃபமைடு தானாகப் பெரிய கேடு செய்வதில்லை. ஆனால் குடிநீர் நிலையத்தில் ஓசோன் செலுத்தும்போது அது புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசோடைமெத்தில்அமீனாக மாறுகிறது என்பதை ஜெர்மனியில் கண்டார்கள். எனவே நீர் அடுத்து எந்தச் சுத்திகரிப்புக்குப் போகிறது என்று கேட்டறிந்தே சோதனையைத் திட்டமிட வேண்டும். எந்த உயிரினத்தை வைத்து நச்சுத்தன்மையைச் சோதிக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்: கோஹோ சால்மன் சில மணி நேரத்தில் சாகும் அதே சாலைநீரில், அதன் நெருங்கிய உறவான சம் சால்மன் உயிரோடு நீந்துகிறது.