கிளிப்லெஸ் பெடலில் குதிகால் எவ்வளவு அசைய வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் ஷூவைத் தன்னோடு மாட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறும்போது, அதன் எடையையும் விலையையும் விசாரிக்கிற அளவுக்கு, அதில் மாட்டிய கால் எவ்வளவு அசையும் என்பதை விசாரிப்பதில்லை. முழங்காலை நினைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஷூவின் அடியில் திருகிய கிளீட் பெடலுக்குள் மாட்டிய பின்னும், கழன்றுவிடாமல் குதிகால் உள்ளும் வெளியும் திரும்புவதற்கு விடப்பட்டிருக்கும் இடத்தையே ஃப்ளோட் என்கிறார்கள். அதை டிகிரியில் அளப்பார்கள்.

டிகிரிக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதைக் குதிகாலில் வைத்துப் பார்ப்பது நல்லது. கிளீட்டிலிருந்து குதிகாலின் பின்முனை வரை ஏறக்குறைய 18 செ.மீ. என்று கொண்டால், 1 டிகிரி என்பது குதிகாலில் 3 மி.மீ. அசைவாகும். 2 டிகிரி ஃப்ளோட் என்றால் மொத்தம் 6 மி.மீ.தான், 6 டிகிரி என்றால் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 9 டிகிரி என்றால் 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு.

இந்த அசைவு ஏன் தேவை என்றால், பெடலை அழுத்தும்போது நம் கால் நேர்கோட்டில் இறங்குவதில்லை. பாதம் அழுத்தத்தில் சற்று உட்பக்கம் சாய்கிறது, அதனுடன் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பும் இலேசாகத் திரும்புகிறது. மேலே இடுப்பும் கீழே பெடலும் பிடித்துக்கொண்டிருக்க, பாதத்துக்குத் திரும்ப இடமில்லாவிட்டால் அந்தத் திருகலை நடுவிலிருக்கும் முழங்கால்தான் தாங்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று என்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 முறை சுற்றுகிறது. ஒரு முறை நடந்தால் உணரவே முடியாத சிறு திருகல், அத்தனை முறை நடக்கும்போது வலியாகிறது. நான் முதலில் வாங்கியது அசைவே இல்லாத கிளீட். கால் அசையாமல் இருந்தால் பலம் வீணாகாது என்று ஒருவர் சொன்னதை நம்பி வாங்கினேன். மூன்றாம் வாரம் திருமயத்திலிருந்து திரும்பும் வழியில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்தத் தொடங்கியது. ஃப்ளோட் உள்ள கிளீட்டுக்கு மாறி, கோணத்தையும் திருத்திய பிறகே அது அடங்கியது.

எனவே தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை 6 டிகிரியை ஒட்டிய ஃப்ளோட். சாலைப் பெடல்களில் ஷிமானோவின் எஸ்பிடி–எஸ்எல் கிளீட் மூன்று நிறங்களில் வருகிறது: சிவப்பு 0, நீலம் 2, மஞ்சள் 6 டிகிரி. லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9 டிகிரி. ஒன்றில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, மற்றொன்றில் அதுவே மிக அதிகமான அசைவு. ஆகையால் வெளியூரிலிருந்து யாரிடமாவது வாங்கி வரச் சொல்லும்போது நிறத்தை மட்டும் சொல்லாமல், நிறுவனத்தின் பெயரையும் டிகிரியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். இரண்டு நிறுவனங்களின் கிளீட்டுகளும் ஒன்றின் பெடலில் மற்றொன்று சேராது. ஸ்பீட்பிளே வகையில் 15 டிகிரி வரை கிடைக்கிறது, உள்பக்க எல்லையையும் வெளிப்பக்க எல்லையையும் தனித்தனித் திருகாணிகளால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதத்தை நடுவுக்கு இழுக்கும் வில்விசை அதில் இல்லாததால், பழகாதவர்களுக்குப் பாசி படிந்த ஊருணிப் படியில் நிற்பதுபோலத் தோன்றும்.

அதிக ஃப்ளோட் இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று எண்ணுவதும் சரியல்ல. பாதம் எங்கும் நிலைகொள்ளாமல் மிதந்தால், அதை நேராக வைத்திருக்கவே தொடையும் கெண்டைக்காலும் உழைக்க வேண்டியிருக்கும். போதுமான ஃப்ளோட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உட்கார்ந்து மிதிக்கும்போதும் எழுந்து நின்று மிதிக்கும்போதும் குதிகால் எந்தப் பக்கத்து எல்லையிலும் போய் முட்டக்கூடாது. முட்டாத வரை, 4.5 டிகிரியும் 6 டிகிரியும் உங்கள் முழங்காலுக்கு ஒன்றுதான்.

கிளீட்டைக் கோணலாகத் திருகிவிட்டு ஃப்ளோட் சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். அப்படிச் செய்தால், 6 டிகிரி இருந்தும் குதிகால் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்தபடியே கிடக்கும். அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை அது அசைவே இல்லாத கிளீட்தான். ஆகவே முதலில் உங்கள் பாதத்தின் இயல்பான கோணத்தைக் கண்டுபிடியுங்கள். உயரமான திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்கள் தரையைத் தொடாமல் தொங்கவிட்டு, ஒருவரை எதிரே நின்று கட்டைவிரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு பாதங்களை நனைத்துக்கொண்டு வளவில் பத்தடி இயல்பாக நடந்து, ஆத்தங்குடித் தரையில் பதிந்த ஈரச் சுவடுகளையும் பாருங்கள். இரண்டு கால்களும் ஒரேமாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வலது கால் வெளியே திரும்பி, இடது கால் நேராக இருப்பது சாதாரணம். அந்தந்தக் காலுக்கு அந்தந்தக் கோணத்தில் கிளீட்டை வையுங்கள். முன்பின் நிலையைப் பொறுத்தவரை, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழேயுள்ள எலும்பு மேடுகளுக்கு நடுவில் பெடல் அச்சு வந்தால் போதும். திருகாணிகளில் சிறிது கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

சரிபார்ப்பதற்குப் பிள்ளையார்பட்டிச் சாலை போன்ற சமமான பாதை போதும். வாகனங்கள் இல்லாத இடத்தில், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) முன்பக்கம் கிடையாக வரும்போது மிதிப்பதை நிறுத்தி, குதிகாலை மெல்ல உள்ளே தள்ளுங்கள், பிறகு வெளியே தள்ளுங்கள். இரு பக்கமும் சிறிதாவது இடம் இருக்க வேண்டும். வெளியே தள்ளிய உடனே கழன்றால், மிதிக்கும்போதே குதிகால் வெளி எல்லையில் நிற்கிறது என்று பொருள். கிளீட்டின் முன்முனையைப் பாதத்தின் வெளிப்பக்கமாக ஒரு டிகிரி திருப்புங்கள். உட்பக்கம் இடமில்லையென்றால் முனையை உட்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். கோணம் சரியாகியும் நின்று மிதிக்கையில் எல்லை முட்டினால், அப்போதுதான் கூடுதல் ஃப்ளோட் உள்ள கிளீட்டைத் தேட வேண்டும். வலி வாரக்கணக்கில் நீடித்தால் கிளீட்டை மாற்றி மாற்றிப் பார்க்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஃப்ளோட்டையும், கிளீட்டைப் பிடித்திருக்கும் பெடல் வில்லின் இறுக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெடலிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தினால் கால் எளிதாகக் கழலும், ஆனால் ஃப்ளோட் அதிகமாகாது. கழல்வதற்கு ஃப்ளோட்டின் எல்லையையும் தாண்டித் திருக வேண்டியிருப்பதால், ஃப்ளோட் பெரிதாக இருந்தால் குதிகால் போக வேண்டிய தூரமும் பெரும்பாலும் கூடும். தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் நடந்துவரும் நாட்களில், நொடியில் காலை ஊன்ற வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கு முன்பே இறுக்கத்தைக் குறைத்து, கழற்றிப் பழகிவிடுங்கள்.

நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சாலைப் பெடலின் பிளாஸ்டிக் கிளீட்டை விரைவில் தேய்த்துவிடும். குதிகால் தரைக்கு இணையாகத் திரும்புவது ஃப்ளோட். பாதம் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஆடினால் அது தேய்மானத்தால் வந்த ஆட்டம். வழியில் இறங்கிக் கோயில் தெருவில் நடக்கிற பழக்கம் இருந்தால், ஏறக்குறைய 4 டிகிரி ஃப்ளோட் உள்ள, இரண்டு திருகாணியில் நிற்கும், ஷிமானோவின் மற்றொரு வகையான எஸ்பிடி உலோகக் கிளீட்டையே நான் சொல்வேன். ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அமைவதால் அது அதிகம் தேய்வதில்லை. எந்தக் கிளீட் ஆனாலும், பழையதைக் கழற்றுவதற்கு முன் அதன் ஓரத்தைச் சுற்றி ஷூவின் அடியில் பேனாவால் கோடு போட்டுவிட்டால், புதியதை அதே கோணத்தில் வைக்கலாம்.