கோலப்பொடியில் ஒரு படகு

என் கணவர் பாம்பனில் விசைப்படகில் வேலை பார்க்கிறார். அவர் கடலுக்குப் போகும் நாளில் பிள்ளைகள் இருவரும் சிணுங்குவார்கள். போனைக் கொடுத்தால்தான் சோறு இறங்கும். பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4.

இதை மாற்ற, முதலில் ஞாயிறுதோறும் எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போவது என்று வைத்தோம். பஸ், வெயில், செலவு. மூன்றாவது வாரமே நின்றுபோனது.

அப்புறம்தான் இது தோன்றியது. அவர் கிளம்பும்போது பிள்ளைகள் வாசலில் கோலப்பொடியால் ஒரு படகு வரைவார்கள். அவர் அதை மிதிக்காமல் தாண்டிப் போவார். சாப்பிடும்போது, "அப்பா படகு இப்ப எங்கே இருக்கும்?" என்று கேட்பேன். ஆளுக்கொரு பதில் வரும்; பேச்சு வளர வளரத் தட்டு காலியாகிவிடும். ஒரு நாள் படகில் பூனையும் ஏறிவிட்டது என்றான் சின்னவன். அவர் திரும்பி வந்ததும் பையைத் திறக்குமுன் என்ன மீன் என்று சொல்ல வேண்டும். காரலா, சூடையா, நகரையா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாதே, வழக்கம் விட்டுப்போகுமோ என்று பயந்தேன். அவர் மாலையில் திண்ணையில் வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தார். பிள்ளைகள் நூல் எடுத்துக் கொடுத்தார்கள். வாசல் படகையும் விடவில்லை. இப்போது அதில் நான்கு பேர் இருக்கிறோம்.